யோனாவின் நான்காம் அதிகாரம் எங்கே போயிற்று: ஐந்து சிறுவர் வேதாகமக் கதைப் புத்தகங்களைச் சீர்தூக்கிப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

எங்கள் சேகரத்து ஓய்வுநாள் பள்ளியில் ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு படப்புத்தகத்திலிருந்து, நினிவே நகரத்துக்குப் போய்ப் பிரசங்கிக்கத் தேவன் அனுப்பியபோது எதிர்த்திசையில் கப்பலேறி ஓடி, பெரிய மீனால் விழுங்கப்பட்ட தீர்க்கதரிசியாகிய யோனாவின் கதையை வாசித்துக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுவன் மேசையருகே வந்து புத்தகத்தைக் கையில் வாங்கினான். கடைசித் தாளைப் புரட்டி, அட்டையோடு தாள் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல கடைசிப் பக்கம் கிழிஞ்சுபோச்சா?" என்று கேட்டான். பக்கம் எதுவும் கிழியவில்லை. நினிவே மக்கள் மனந்திரும்பினார்கள், தேவன் மகிழ்ந்தார், யோனாவும் மகிழ்ந்தான் என்று புத்தகம் முடிந்திருந்தது. கடைசிப் படத்தில் யோனா நகரவாசலில் பிள்ளைகளோடு கைகோத்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிறுவனோ தன் ஆச்சி வீட்டுக் குடும்ப ஜெபத்தில் யோனாவின் புத்தகம் முழுவதும் வாசிக்கப்படுவதைக் கேட்டவன். யோனா கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்ததும், ஆமணக்குச் செடி முளைத்ததும், பூச்சி அதை அரித்ததும் அவனுக்குத் தெரிந்திருந்தன. அவை இல்லாததைக் கண்டபோது தாள் கிழிந்துவிட்டது என்றுதான் அவனால் எண்ண முடிந்தது. எழுதியவர்களே அதை விட்டிருப்பார்கள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. வீட்டில் போய் வேதாகமத்தில் வாசித்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் வருகிற ஆண்டுக்கான புத்தகங்களை வாங்கும் பொறுப்பு எங்களிடம் இருந்ததால், கைவசமிருந்த புத்தகங்களையும் வாங்க எண்ணியிருந்தவற்றையும் வேத வாக்கியத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். நாங்கள் நான்கு பேர்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், சபை ஊழியர், பாலர் வகுப்பை நடத்தும் இளம் தாய் ஒருவர், நான்.

ஆய்வுக்கு யோனாவையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நான்கு அதிகாரங்கள், நாற்பத்தெட்டே வசனங்கள். ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். ஆதியாகமத்தையோ சாமுவேலின் புத்தகங்களையோ சுருக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் எழுத்தாளருக்கு நியாயமான சிரமம் இருக்கிறது. யோனாவில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. முழுக் கதையும் ஒரு சிறுவர் புத்தகத்துக்குள் அடங்கக்கூடிய அளவில்தான் ஏற்கெனவே இருக்கிறது. ஆகையால் ஒரு புத்தகம் இதில் எதையாவது விட்டிருந்தால், இடம் போதாமல் விட்டது என்று சொல்வது கடினம்.

ஒப்பிட்ட விதம்

ஒரு நீண்ட கணக்கு நோட்டில் இடப்பக்கம் நாற்பத்தெட்டு வசன எண்களையும் எழுதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான்கு பத்திகள் கோடிட்டோம்: சொன்னது, விட்டது, சேர்த்தது, மாற்றியது. ஒப்பிடுவதற்கு எங்கள் சபையில் வாசிக்கப்படும், 1871-இல் முழுமையாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பையே வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் வீட்டில் கேட்பதும் ஆலயத்தில் கேட்பதும் அந்தச் சொற்களைத்தான். படங்களையும் எழுத்தைப் போலவே எண்ணினோம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படமே வசனம். எழுத்தில் "பெரிய மீன்" என்று இருந்து படத்தில் நீரைப் பீய்ச்சும் திமிங்கலம் இருந்தால், அந்தப் பிள்ளை திமிங்கலத்தைத்தான் வாசிக்கிறது.

தலைமையாசிரியை அம்மாவின் யோசனைப்படி இன்னொன்றும் செய்தோம். ஒவ்வொரு புத்தகத்தையும் வெவ்வேறு சிறு குழுவுக்கு வாசித்து, ஒரு வாரம் கழித்து அதே கதையைப் பிள்ளைகளையே திருப்பிச் சொல்ல வைத்தோம். நோட்டில் பதிந்ததைவிட இதில் கற்றுக்கொண்டது அதிகம். ஒரு கதையில் பிள்ளையின் மனதில் தங்குவது எது, ஒரு வாரத்தில் உதிர்ந்துபோவது எது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

புத்தகங்களின் பெயரை இங்கே தரவில்லை. முதலாவது, மேலே சொன்ன படப்புத்தகம்; மொழிபெயர்ப்பு. இரண்டாவது, கோட்டோவியங்களோடு, வேதாகமத் தமிழுக்கு மிக நெருங்கிய நடையில் எழுதப்பட்ட பழைய புத்தகம். மூன்றாவது, பாலர்களுக்கான தடித்த அட்டைப் புத்தகம். நான்காவது, ஒவ்வொரு கதையையும் கிறிஸ்துவோடு இணைத்து முடிக்கும் தொகுப்பு. ஐந்தாவது, பேச்சுக் குமிழ்களோடு வரைந்த சித்திரக்கதை.

யோனா ஏன் ஓடினான்

ஐந்தில் மூன்று புத்தகங்கள், யோனா பயந்து ஓடினான் என்று சொல்கின்றன. நினிவே மக்கள் கொடியவர்கள், தன்னை அடித்துவிடுவார்கள் என்று அவன் நடுங்கியதாக முதல் புத்தகம் இரண்டு பக்கங்களுக்கு விவரிக்கிறது. பிள்ளைக்கு எளிதில் புரியும் காரணம்தான். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு யோனாவின் பயமும் புரியும். ஆனால் வேதத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. முதலாம் அதிகாரம் யோனா ஓடிய காரணத்தைச் சொல்லாமலே நகர்கிறது. கப்பற்காரர் பயப்படுகிறார்கள்; யோனாவோ புயலின் நடுவே கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்குகிறான். தன்னைக் கடலில் போடும்படி தானே சொல்கிறவனும் அவன்தான். உயிருக்குப் பயந்தவன் நடந்துகொள்ளும் விதம் இதுவல்ல.

காரணம் நான்காம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில்தான் வெளிவருகிறது. நினிவே தப்பியதைக் கண்டு கடுங்கோபங்கொண்ட யோனா, "இதினிமித்தமே நான் முன்னமே தர்ஷீசுக்கு ஓடிப்போனேன்" என்கிறான். எதினிமித்தம்? தேவன் "இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ளவர்" என்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்ததினிமித்தம். தன் பிரசங்கம் பலித்துவிடுமோ, அந்த ஜனங்கள் பிழைத்துவிடுவார்களோ என்றுதான் அவன் எதிர்த்திசையில் ஓடினான். இந்தக் காரணத்தை மூன்று அதிகாரங்கள் வரை மறைத்து வைத்து, நாம் யோனாவோடு கடலையும் கரையையும் நகரத்தையும் கடந்து வந்தபின் அதைத் திறந்து காட்டுவதுதான் இந்தப் புத்தகம் அமைந்திருக்கிற விதம். முதல் பக்கத்திலேயே "பயந்து ஓடினான்" என்று எழுதிவிட்டால், நான்காம் அதிகாரத்தைப் பின்னால் சேர்க்கவே முடியாது. சேர்த்தால் கதை தன்னையே மறுக்கும். முதல் புத்தகம் கடைசி அதிகாரத்தை விட்டதற்கு இதுவே உண்மையான காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

விடுவதும் சேர்ப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள் என்றுதான் ஆய்வைத் தொடங்கும்போது எண்ணியிருந்தோம். இந்த இடத்தில் அந்த எண்ணம் மாறியது. ஒரு வசனத்தை விட்டால், பிள்ளை வளர்ந்து வேதத்தைத் திறக்கும் நாளில் அது அங்கே காத்திருக்கும். இல்லாத ஒரு காரணத்தைச் சேர்த்துவிட்டாலோ, வளர்ந்தபின் வேதத்தை வாசிக்கும்போதும் அந்தக் காரணமே கண்ணில் படுகிறது. வாக்கியம் கண்முன் இருந்தும் தெரிவதில்லை. எங்கள் சபையில் பெரியவர்கள் சிலரிடம் யோனா ஏன் ஓடினான் என்று கேட்டுப் பார்த்தேன். பயந்து ஓடினான் என்றே பெரும்பாலானோர் சொன்னார்கள். அவர்களெல்லாம் அந்த நான்கு அதிகாரங்களையும் பலமுறை வாசித்தவர்கள்.

சேர்ப்பு எல்லாமே ஒரே எடையுள்ளதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் இடமில்லை என்று கதவைச் சாத்தும் சத்திரக்காரர் லூக்காவில் இல்லை. அங்கே சத்திரத்தில் இடமில்லாதிருந்தது என்று மட்டுமே இருக்கிறது. கிழக்கிலிருந்து குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. அவர்கள் வந்தது தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்குள் பிரவேசித்தார்கள் என்றே எழுதியிருக்கிறது. இவை மேடையை நிரப்புகிற சேர்ப்புகள். திருத்துவது நல்லது, ஆனால் கதை உடைந்துபோகாது. நோவாவைப் பற்றிய புத்தகங்களில் அண்டைவீட்டார் கேலி செய்வதும் நோவா அவர்களுக்கு நீண்ட பதில் சொல்வதும் வேறு வகை. ஆதியாகமத்தில் நோவா பேசியதாக எழுதப்பட்டுள்ள முதல் வார்த்தை ஒன்பதாம் அதிகாரத்தில், ஜலப்பிரளயம் முடிந்து திராட்சத்தோட்டம் நாட்டிய பிறகுதான் வருகிறது. பேழை கட்டும் காலம் முழுவதும் அவன் வாய் திறந்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை. அந்த மௌனத்தை ஒரு சிறுவர் புத்தகமாவது அப்படியே விட்டுவைத்திருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கப்பற்காரர்

இந்தப் பகுதியில்தான் சித்திரக்கதை எங்களை ஆச்சரியப்படுத்தியது. மற்ற நான்கில் மூன்றும், புயல் அடித்ததும் கப்பற்காரர் யோனாவைத் தூக்கிக் கடலில் எறிந்ததாகவே சொல்கின்றன. அட்டைப் புத்தகத்தில் அவர்களுக்குக் கோபமான முகங்கள் வரையப்பட்டிருக்கின்றன. வேதத்தில் நடப்பதோ வேறு. யோனா தன்னை எறியும்படி சொன்ன பிறகும், அவர்கள் கரைசேரும்படி வேகமாய்த் தண்டு வலிக்கிறார்கள். முடியாமல் போன பிறகே, குற்றமற்ற இரத்தப்பழி தங்கள்மேல் வராதபடி கர்த்தரை வேண்டிக்கொண்டு அவனைக் கடலில் போடுகிறார்கள். வேறு தேவர்களை வணங்கிய அந்த மாலுமிகள், அறிமுகமில்லாத ஒரு பிரயாணியைக் காப்பாற்றக் கையோயும் மட்டும் பாடுபடுகிறார்கள்; கர்த்தரை அறிந்த தீர்க்கதரிசியோ ஒரு நகரமே அழிந்தாலும் பரவாயில்லை என்று எண்ணுகிறான். யோனாவின் புத்தகம் இந்த இரண்டையும் அருகருகே வைக்கிறது.

சித்திரக்கதை இதற்கு முழுதாக நான்கு கட்டங்களை ஒதுக்கியிருந்தது. ஒரு கட்டத்தில் வார்த்தையே இல்லை. துடுப்பை இறுகப் பற்றிய கைகள் மட்டும், விரல் கணுக்கள் வெளுத்து. அந்தப் புத்தகத்தின் உரையாடல்கள் பெரும்பாலும் வேதத்தில் இல்லாதவை. நோட்டில் "சேர்த்தது" என்ற பத்தி அதற்குத்தான் மிக நீளம். ஆனால் மாலுமிகளையும் யோனாவின் கோபத்தையும் கடைசிக் கேள்வியையும் காத்ததும் அதுதான். சொல்லுக்குச் சொல் எண்ணிப் பார்த்தால் மிகக் குறைந்த மதிப்பெண் பெறுகிற புத்தகம், கதையின் எலும்பை முறிக்காமல் சொல்கிற ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எங்கள் நான்கு பத்திக் கணக்கின் குறையும் அப்போது வெளிப்பட்டது. எத்தனை இடங்களில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் எண்ணினோமே தவிர, சேர்த்தது கதையை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று முதலில் கேட்கவில்லை.

மீன்

மீனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாற்பத்தெட்டு வசனங்களில் அது வருவது மூன்றே வசனங்களில். ஐந்து புத்தகங்களில் நான்கின் அட்டையில் அதுதான். எபிரெயத்தில் "பெரிய மீன்" என்றே இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு யோனாவிலும் மத்தேயு 12:40-லும் அப்படியே காத்திருக்கிறது. திமிங்கலம் ஆங்கிலப் படங்களின் வழியாக நம்மிடம் நீந்தி வந்தது. அதைப் பெரிய குற்றமாக நான் எண்ணவில்லை.

ஆனால் மீன் தண்டனையாக வந்தது என்று எழுதுவது குற்றம்தான். இரண்டு புத்தகங்கள் அப்படி எழுதியிருக்கின்றன. இரண்டாம் அதிகாரத்தை வாசித்தால், யோனா மூழ்கிக்கொண்டிருந்தது கடலில்: "ஆழி என்னைச் சூழ்ந்தது, கடற்பாசி என் தலையைச் சுற்றிக்கொண்டது." மீனின் வயிற்றிலிருந்து அவன் பாடுவது, தப்புவிக்கப்பட்டவனின் துதி. மீன் அவனை விழுங்கியதால்தான் அவன் சாகவில்லை. ஒரு பிள்ளை ஒரு வாரம் கழித்துத் திருப்பிச் சொன்னபோது, "சொன்ன பேச்சு கேக்கலன்னு சாமி மீனை விட்டு முழுங்க வெச்சிட்டாரு" என்றது. காப்பாற்ற வந்த மீன் அந்தப் பிள்ளையின் மனதில் பூச்சாண்டியாக மாறியிருந்தது. அந்தப் பிள்ளை கேட்ட புத்தகத்தில் மீனின் வயிற்றுக்குள் யோனா விளக்கேற்றி மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் படமும் இருந்தது. பயமுறுத்தும் எழுத்தும் கொஞ்சும் படமுமாக, கடற்பாசி சுற்றிய மனிதன் இரண்டிலும் இல்லை.

மீன் யோனாவை நினிவேயின் வாசலிலேயே கக்கிவிடுவதாக இரண்டு புத்தகங்களில் படம் இருக்கிறது. நினிவே இன்றைய ஈராக்கின் மோசுல் நகரத்தருகே, டைகிரிஸ் நதிக்கரையில் இருந்த ஊர். யோனா கப்பலேறிய யோப்பாத் துறைமுகத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்நாட்டில் இருக்கிறது. மீன் கக்கியபின் அவன் அவ்வளவு தூரம் நடந்து போயிருக்க வேண்டும் என்று சொன்னபோது, பிள்ளைகள் படத்தைவிட அதில்தான் அதிக ஆர்வம் காட்டினார்கள்.

ஆமணக்கு

நினிவேக்கு வெளியே முளைத்த செடியை முதல் புத்தகமும், மூன்றாம் அதிகாரத்தோடு நின்றுவிடும் அட்டைப் புத்தகமும் விட்டுவிட்டன. மற்ற மூன்றில் ஒன்று "கொடி" என்றது, ஒன்றின் படத்தில் ஈச்சமரம் நின்றது. பழைய புத்தகம் மட்டும் ஆமணக்கு என்றே எழுதியிருந்தது. எங்கள் ஊரில் வயல் வரப்பிலும் குப்பைமேட்டிலும் தானாக முளைத்து, சில வாரங்களில் ஆள் உயரம் வளர்ந்து, விரித்த கைபோன்ற இலைகளால் நிழல் தருகிற செடி அது. எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லாத ஒரே இடம் இதுதான். அதைப் போய் அந்நியமான கொடியாக மாற்றியிருக்கிறார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. வண்ணப் படங்களைப் பல மொழிகளுக்கும் பொதுவாக அச்சிட்டு, எழுத்துக்குரிய கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுகிற முறையில் இத்தகைய புத்தகங்கள் பல தயாராகின்றன. படத்தில் கொடி இருந்தால் தமிழிலும் கொடி என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்துக்குள் தமிழ் வாக்கியம் அடங்காதபோது, முதலில் வெட்டுப்படுவது வேதத்தின் சொற்களே.

இந்தச் செடியைப் பற்றிய சச்சரவு புதிதல்ல. பழங்காலச் சபையின் வேத அறிஞர் எரோனிமுஸ் (ஜெரோம்) எபிரெயத்திலிருந்து புதிதாகச் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு ஆப்பிரிக்காவின் ஓயா பட்டணத்துச் சபையில், அதாவது இன்றைய லிபியாவின் திரிப்போலியில், வாசிக்கப்பட்டபோது, அதுவரை சுரை என்று கேட்டுவந்த ஜனங்கள் வேறு செடியின் பெயரைக் கேட்டுக் கொந்தளித்தார்கள் என்றும், அந்த ஆயர் தம் மந்தையை இழக்கும் நிலைக்கு வந்து வார்த்தையைத் திருத்த வேண்டியதாயிற்று என்றும் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ பட்டணத்து ஆயர் அகுஸ்தீன் கி.பி. 403-இல் எரோனிமுஸுக்கு எழுதினார். எரோனிமுஸ் போட்டிருந்தது ஐவி என்னும் படர்கொடி. தம் பதிலில் அவர், எபிரெயம் குறிப்பது அகன்ற இலைகளோடு தன் தண்டிலேயே நிற்கும் ஒரு செடி என்றும், அதற்கு லத்தீனில் பெயர் இல்லாததால் முந்தைய மொழிபெயர்ப்பாளர் வழியைப் பின்பற்றியதாகவும் விளக்குகிறார். அவர் விவரிக்கும் செடி ஆமணக்குதான். அவருக்குக் கிடைக்காத சொல் நமக்குச் சுலபமாக வாய்த்திருக்கிறது. ஒரு செடியின் பெயருக்காக ஒரு சபை எழுந்து நின்ற வரலாற்றை வாசித்தபின், கடைசி அதிகாரமே காணாமல்போனதற்கு நாம் காட்டும் பொறுமை எனக்கு வருத்தமளிக்கிறது.

முடிவைப் பற்றிய வாக்குவாதம்

நான்காம் அதிகாரத்தை எந்த வயதுக்குச் சொல்வது என்பதில் எங்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருந்தது. பாலர் வகுப்பு ஆசிரியை, நான்கு வயதுப் பிள்ளைக்குத் தீர்க்கதரிசி சாவை விரும்பிப் பேசுவதைச் சொல்ல முடியாது என்றார். "குழந்தைகளுக்குப் பாலைத்தானே பவுலும் கொடுத்தார், டீச்சரம்மா" என்று அவர் தலைமையாசிரியையிடம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாவீது கோலியாத்தின் தலையை வெட்டியதையும், தானியேலைக் குற்றஞ்சாட்டினவர்களோடு அவர்கள் மனைவி பிள்ளைகளும் சிங்கக் கெபியில் போடப்பட்டதையும் பாலர்களுக்குச் சொல்லும் துணிவு எங்களில் யாருக்கும் இல்லை.

தலைமையாசிரியை அம்மா கொடுத்த விடையைத்தான் கடைசியில் எல்லாரும் ஏற்றோம். வயது கருதி நிறுத்தலாம். ஆனால் நிறுத்திய இடத்தில் முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், நினிவே தப்பிய இடத்தில், பாலர் கதை நிற்கட்டும். "யோனாவும் மகிழ்ந்தான்" என்ற பொய்யான வரி வேண்டாம், "இன்னும் கதை இருக்கிறது" என்ற உண்மையான வரி இருக்கட்டும். அட்டைப் புத்தகம் இந்த அளவுகோலில் தேறியது. அது மகிழ்ச்சியான யோனாவைக் காட்டவில்லை. நினிவேயின் மேல் சூரியன் உதிப்பதோடு நின்றுவிட்டது. மிகக் குறைவாகச் சொன்ன புத்தகம் மிகக் குறைவாகவே தவறியது.

பழைய புத்தகத்தின் நிலை எனக்கு மிகுந்த மனவருத்தம் தந்தது, ஏனென்றால் நான் அதைப் படித்து வளர்ந்தவள். நாற்பத்தெட்டு வசனங்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அது சொல்கிறது, அழகான தமிழில் சொல்கிறது. கடைசியில் மட்டும், "இலட்சத்து இருபதினாயிரம்பேருக்கு அதிகமான மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற மகா நகரமாகிய நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ" என்று தேவன் கேட்பதை, தேவன் நினிவேக்காகப் பரிதபித்தார் என்று ஒரு செய்தியாக மாற்றி, யோனா தன் தவற்றை உணர்ந்தான் என்று சேர்த்து, அதன்கீழ் தடித்த எழுத்தில் பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்ற நீதியையும் வைத்துவிட்டது. யோனா உணர்ந்தானா என்று வேதம் சொல்லவில்லை. கேள்வியோடு புத்தகம் நின்றுவிடுகிறது; பதில் எழுதப்படவில்லை. யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் இந்தப் புத்தகம் முழுவதையும் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். உபவாசத்தோடு உட்கார்ந்திருக்கிற சபையின்மேல் அந்தக் கேள்வி வந்து விழுகிறது. நமக்கு அருகிலேயே, கேரளத்தின் குறவிலங்காட்டில், மூன்று நோன்பு நாட்களில் யோனாவை நினைத்து ஒரு கப்பலைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகிறார்கள். கீழ்ப்படிதல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதையெல்லாம் அடக்க முடியாது. கதையின் முடிவில் பாடத்தை ஒட்டவைக்கும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதை அறிவேன். 1714-இல் ஜெர்மனியில் யோகான் ஹ்யூப்னர் நூற்று நான்கு வேதாகமக் கதைகளைப் பிள்ளைகளுக்காகத் தொகுத்தபோதே, ஒவ்வொன்றின் கீழும் கேள்விகளையும் போதனைகளையும் தனித்தனியாக வைத்தார். அங்கே கதையும் பாடமும் பிரிந்து நின்றன என்பது கவனிக்கத்தக்கது. பழைய புத்தகத்தில் பாடம் கதைக்குள்ளேயே நுழைந்து தேவனுடைய கேள்வியை விழுங்கிவிட்டது.

கிறிஸ்துவோடு இணைக்கும் தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்த யோனாவைத் தம் மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் அடையாளமாகக் காட்டியவர் இயேசுவே. ஆகையால் அந்த இணைப்பை யாரும் குறைசொல்ல முடியாது. அந்தப் புத்தகம் மீனிலிருந்து நேரே கல்லறைக்குத் தாவிவிடுகிறது என்பதுதான் எங்கள் குறை. நினிவேயும் கோபமும் செடியும் இரண்டு வரிகளில் கடந்துபோகின்றன. வேறொருவருக்கு அடையாளமாகிற அவசரத்தில் யோனா தன் கதையை இழந்துவிடுகிறான்.

தீர்மானமும் அதன்பின் நடந்ததும்

பாலர் வகுப்புக்கு அட்டைப் புத்தகத்தையும் பெரிய பிள்ளைகளுக்குச் சித்திரக்கதையையும் வாங்குவதென்று முடிவாயிற்று. பழைய புத்தகத்தை அகற்ற எங்களுக்கு மனமில்லை; அதன் கடைசிப் பத்தியின்மேல் யோனா 4:10, 11 வசனங்களை வேதாகமத்தில் உள்ளபடியே தட்டச்சு செய்து ஒட்டினோம். முதல் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. இனி எந்தப் புத்தகத்தை வாசித்தாலும், அதே கதையின் ஒரு பகுதியை அன்றே வேதாகமத்திலிருந்து திறந்து வாசிப்பது என்பதும் ஒரு தீர்மானம். இதைச் சபை ஊழியர் வற்புறுத்தினார்.

அடுத்த முறை யோனாவை எடுத்தபோது, சித்திரக்கதையை முடித்துவிட்டு நான்காம் அதிகாரத்தின் பதினொரு வசனங்களை நானே மெதுவாக வாசித்தேன். பசுவும் ஆடும் இரட்டு, அதாவது சாக்குத்துணி, உடுத்தி உபவாசம் இருந்ததை, ஐந்து புத்தகங்களும் விட்டிருந்த அந்த மூன்றாம் அதிகாரக் காட்சியை, அதற்கு முன்பே சொல்லியிருந்தேன்; பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசி வசனத்தை வாசித்து வேதாகமத்தை மூடாமல் வைத்திருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "அப்போ அந்த ஆடு மாடெல்லாம் பொழச்சுதா டீச்சர்?" என்று கேட்டாள். பிழைத்தன என்றேன். "அப்போ யோனா என்ன சொன்னான்?" என்று முன்பு பக்கத்தைத் தடவிப் பார்த்த சிறுவன் கேட்டான். எழுதவில்லை, நீயே பார் என்று வேதாகமத்தை அவன் பக்கம் திருப்பினேன். அவன் கடைசி வசனத்தில் விரலை வைத்து வாசித்து, அதற்கு அடுத்து மீகாவின் புத்தகம் தொடங்குவதைக் கண்டு, பக்கத்தை மறுபடி முன்னால் திருப்பினான்.